நாலு மணிக்கு ஒரு மடை

2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. சுசெட்ரிஜின் என்ற வலி மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. இனி மார்ஃபினே வேண்டாம் என்ற தொனியில் அந்தச் செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை எனக்கு அனுப்பிய ஒரத்தநாட்டு வாசகர் இரண்டு கேள்விகளும் கேட்டிருக்கிறார். அண்ணன் மகளுக்குப் புற்றுநோய், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்ஃபினை வலி வந்தால் மட்டும் கொடுத்தால் போதாதா? இந்தப் புது மாத்திரை நம் ஊரில் கிடைக்குமா?

இரண்டாவதை உடனே முடித்துவிடலாம். அனுமதி பெரியவர்களுக்கு, அதுவும் திடீர் வலிக்கு. குழந்தைகளுக்கல்ல, மாதக்கணக்கில் நீளும் புற்றுநோய் வலிக்கும் அல்ல. அறுவை முடிந்தவர்களிடம் சோதித்தபோதும் பழைய ஹைட்ரோகோடோன், பாராசிட்டமால் கலவையை அது மிஞ்சவில்லை. 2025-ல் வெளிவந்தபோது விலை மாத்திரை ஒன்றுக்குப் பதினைந்தரை டாலர். காத்திருக்கத் தேவையில்லை.

முதல் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, நாலு மணி நேரத்தில் வற்றிவிடும். இதைத் தஞ்சாவூர்க்காரருக்கு விளக்க மருந்தியல் எதற்கு, முறைப்பாசனம் போதும். முறை வந்ததும் மடையைத் திறக்கிறோம். வயல் காய்ந்து வெடிக்கட்டும், அப்புறம் பாய்ச்சலாம் என்று யாரும் வரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை. களி வெடித்துவிட்டால் பாய்ச்சும் தண்ணீர் பயிருக்கு முன்னால் வெடிப்புக்குத்தான் போகும்.

முதுகுத்தண்டிலும் இந்த வெடிப்பு உண்டு. வலிச் செய்தி ஓயாமல் வந்து மோதினால் அங்கிருக்கும் நரம்பணுக்கள் மரத்துப்போகும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு. செய்தி கொண்டுவரும் நரம்பு முனை குளுட்டமேட்டைக் கொட்டிக்கொண்டே இருக்க, வழக்கமாக மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும் என்.எம்.டி.ஏ. வாயில் திறந்துகொள்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. அதன்பின் சின்னத் தொடுகைக்கே அந்த அணு அலறும். துணி மாற்றக் கை வைத்தாலே பிள்ளை வீரிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்டுவடமே இப்படிக் கூர்மையாகும் என்று எலிகளில் காட்டியவர் கிளிஃபர்ட் வூல்ஃப், 1983-ல். மார்ஃபின் இதற்கு ஒரு படி முன்னால் போய் நிற்கிறது. செய்தி வரும் முனையில் கால்சியத்தின் வழியை அடைத்து, குளுட்டமேட் கொட்டுவதையே குறைக்கிறது. ஆகவே வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், கிழிந்தால் கிழியட்டும். வயலுக்கு வடிகால் போல உடலுக்கு ஈரலும் சிறுநீரகமும். பச்சைக்குழந்தைக்கு அந்த வடிகால் இன்னும் வெட்டி முடியவில்லை. ரத்தத்தில் மார்ஃபின் பாதியாகக் குறைய ஆறரை மணி நேரம் போல ஆகும். வளர்ந்த குழந்தைக்கு இரண்டு மணி நேரமே போதும். ‘பெரியவங்க மாத்திரையில கால்வாசி’ என்ற வீட்டுக் கணக்கு அதனால் இரண்டு பக்கமும் தப்பு. சிசுவுக்கு ஆபத்து, மூன்று வயதுப் பிள்ளைக்குப் போதாமலும் போகலாம். மருத்துவர் எழுதியதுதான் அளவு. முறைக்கு நடுவே வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் வேளையும், மலச்சிக்கலுக்கு மருந்தும் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் தரும் மயக்கத்துக்கு உடல் சில நாளில் பழகிவிடும், குடல் மட்டும் பழகாது. வலிக்கு அளவோடு கொடுப்பதால் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடாது. நிறுத்துவதென்றால் படிப்படியாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வழுக்கல். அழுகிற பிள்ளைக்குத்தான் வலி என்று நினைக்கிறோம். நாட்பட்ட கடும் வலியில் குழந்தை அழுவதையே விட்டுவிடும். அசையாது, விளையாடாது, யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. ‘பாப்பா இப்பல்லாம் சமத்தா படுத்திருக்கு’ என்று பாட்டி சொன்னால் செவிலியருக்குக் காது கூர்மையாக வேண்டும். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் அட்டவணை 1997-லேயே வந்துவிட்டது. காகிதமும் பேனாவும் போதும். முகத்தைப் படம்பிடித்து வலியைச் சொல்லும் செயலிகளை, பக்கத்திலேயே கிடக்கும் அம்மாவைவிட நம்ப எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1980-கள் வரை சிசுக்களுக்கு வலி சரியாக உறைக்காது என்று நம்பி, போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளின் அறுவையில் ஃபென்டனில் என்ற வலிமருந்தைச் சேர்த்தால் உடலின் பதற்ற ஹார்மோன்களும் பின்விளைவுகளும் குறைவதை 1987-ல் காட்டினார். அவர் ஆய்வு செய்த ஆக்ஸ்ஃபோர்டில்தான் குழந்தைகளுக்கான முதல் ஹாஸ்பிஸான (குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) ஹெலன் ஹவுஸ் 1982-ல் திறந்தது. நம் நாட்டில் 1985-ன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை வைத்திருக்கவே மருத்துவமனைகளைப் பயமுறுத்தியது. 2014 திருத்தம் அந்த உரிமச் சிக்கலைத் தளர்த்தியது.

தளர்ந்தும் என்ன? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்ஃபினுக்கு மூலமான அபின் அரசு உரிமத்தோடு விளைகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் இந்திய நோயாளிகளுக்குக் கிடைக்கும் மார்ஃபின் வகை வலிமருந்து தேவையில் 4 சதவீதம் என்று லான்செட் ஆணையம் 2017-ல் கணக்கிட்டது. மேட்டூர் நிரம்பியிருக்கும்போது கடைமடையில் பயிர் கருகுவதைப் பேராவூரணிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேரளம் வாய்க்காலை வெட்டிக் காட்டிவிட்டது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவு அமைப்பிலிருந்து வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறை அங்கே பரவி, 2008-ல் அரசுக் கொள்கையும் ஆனது.

நம்மிடம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. விளம்பரத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்குதான் பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதே திட்டத்தில்தான் இருக்கின்றன. இவை முதியவர்களுக்கு மட்டும் என்றோ, புற்றுநோய்க்கு மட்டும் என்றோ நினைக்க வேண்டாம். மூளை முடக்குவாதப் பிள்ளையின் தசை இறுக்கமும், தசைநார் தேய்ந்த பையனின் மூச்சுத் திணறலும் இதே கவனிப்புக்கு உரியவைதான்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நோய் ஆதரவு செவிலியர் எந்தக் கிழமை வருவார், மார்ஃபின் எந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு வலி பீறிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.