ஒற்றை முனை ரேசருக்கு எந்த பிளேடு கொடுப்பது?

போன தை மாதம் ராசிபுரம் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்த ஒரு மளிகை வியாபாரி, சரக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ரேசரை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுக்கு பிளேடு வேணுமுங்க. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர், ரிட்டயர் ஆனவரு, மூணு மாசமாக் கேக்கறாரு. என்னென்னமோ குடுத்துப் பாத்துட்டேன். கடைசியாக் குடுத்தது அச்சாப் பொருந்துச்சுங்க. ஆனா கன்னமெல்லாம் கீறிப் போச்சுன்னு மறுநாளே வந்துட்டாரு" என்றார்.

அச்சாகப் பொருந்தியது எது என்று கேட்டோம். பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிக் கொடுத்தாராம். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், பெயிண்ட் இவற்றைச் சுரண்டும் தகட்டு பிளேடு! வாத்தியாருக்குச் சர்க்கரை நோய் வேறு உண்டு என்று பிறகு சொன்னார். புண் ஆறப் பதினைந்து நாளுக்கு மேல் ஆயிற்றாம். அந்த வியாபாரி நல்லவர். ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார். நம்மில் பலரும் இதே தவறைச் செய்யக்கூடும் என்பதால்தான் இதை எழுத முனைந்தோம்.

முதலில் பெயரில் உள்ள குழப்பம். "ஒத்தை பிளேடு குடுங்க" என்று ஒருவர் கேட்டால் அது நான்கு பொருள்களில் எதுவாகவும் இருக்கலாம். சலூன்காரர் கேட்டால், சவரக் கத்திப் பிடியில் செருகும் அரை பிளேடு. இளைஞர் கேட்டால், பெரும்பாலும் ஜில்லெட் கார்டு போன்ற ஒரே பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜ். அது 2010இல் நம் நாட்டில் வந்தபோது ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். வயதானவர் ஒருவர் கனமான பித்தளை ரேசரை வைத்துக்கொண்டு கேட்டால், அது ஜெம், எவர்ரெடி வகை முதுகுத் தகட்டு பிளேடாக இருக்கும். அபூர்வமாக ஷிக் இன்ஜெக்டர் ரேசரும் வரும். அதற்கு நீண்டு ஒடுங்கிய சின்ன பிளேடு, டப்பாவிலிருந்து தள்ளி ஏற்றுவது. அதனால் ரேசரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் சரி. வாயால் கேட்டுக் கொடுத்தால் பத்துக்கு ஐந்து தவறிப் போகும்.

இந்த முதுகுத் தகட்டு வகையே மூத்தது. நியூயார்க்கில் கேம்ஃபே சகோதரர்கள் 1880இல் உரிமம் பெற்ற 'ஸ்டார்' ரேசருக்கு ஒரே முனைதான். கத்தியைச் சிறு துண்டாக வெட்டிச் சட்டத்தில் மாட்டியது போல இருக்கும். மழுங்கினால் தீட்டிக்கொள்ள வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தீட்டவே வேண்டாம், மழுங்கினால் எறிந்துவிடலாம் என்று இருபுறமும் முனையுள்ள மெல்லிய பிளேடைக் கொண்டு வந்தார். கம்பெனி தொடங்கியது 1901இல். 1903இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். மறு ஆண்டே ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டிவிட்டது. மொத்த வியாபாரிக்கு இதில் ஒரு பாடம் உண்டு: ரேசரை ஒருமுறை விற்றால் பிளேடை ஆயுள் முழுதும் விற்கலாம்.

நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. உள்நாட்டில் தயாரான பிளேடெல்லாம் பெருவாரியாக இரட்டை முனைதான். டோபாஸ், லேசர், சூப்பர் மேக்ஸ், செவன் ஓ கிளாக் என்று எங்கள் ரேக்கில் வரிசையாக இருந்தவை எல்லாம் அந்த வகையே. ஒற்றை முனை ரேசர் வைத்திருந்தவர்கள் பிளேடு கிடைக்காமல் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் தந்தையாரும் அப்படித்தான். சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த ரேசரை ஆறேழு பிளேடு தீர்ந்ததும் கல்லாப் பெட்டிக்குள் வைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரலில் முழுவதும் நீங்கியது. அதன் பிறகுதான் இந்தப் பழைய பிளேடுகளை முறைப்படி வரவழைக்க வழி பிறந்தது.

இப்போது அளவுக்கு வருவோம். சாதாரண இரட்டை முனை பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம்தான். ரேசரின் மூடி அதை வளைத்து இறுக்கிப் பிடிப்பதால்தான் அது ஆடாமல் நிற்கிறது. ஜெம் வகை பிளேடு ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர், இரு மடங்குக்கு மேல். வளையாது. பின்புறம் மடித்த தகட்டு முதுகு இருக்கும். ரேசரில் உள்ள சிறு வில்லும் நிறுத்தமும் அந்த முதுகைப் பிடித்துத்தான் முனையைச் சரியான இடத்தில் வைக்கின்றன. இரட்டை முனை பிளேடை ஒடித்து இதற்குள் வைத்தால் பிடிமானம் இல்லாமல் ஆடும், சவரத்தின் நடுவில் நகரும். வாத்தியாருக்கு முதலில் கொடுத்தது அந்த அரை பிளேடுதான் என்றார் நம் நண்பர். அதோடு நிறுத்தியிருந்தாலாவது தேவலாம்.

சுரண்டும் பிளேடு ஏன் பொருந்துகிறது? நீளம், அகலம், முதுகு எல்லாம் ஒரே அச்சு. வேறுபாடு முனையில். முகத்துக்கான பிளேடு பல கட்டமாகத் தீட்டப்பட்டு, குரோமியம் போன்ற உலோகப் பூச்சும் அதன்மேல் டெஃப்லான் இனப் பூச்சும் பெறுகிறது. தோலில் வழுக்கிப் போவது அந்தப் பூச்சினால்தான். சுரண்டும் பிளேடு பெரும்பாலும் கார்பன் ஸ்டீல், முரட்டுத் தீட்டு, பூச்சு கிடையாது. துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் மட்டும் தடவியிருப்பார்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அட்டைப் பெட்டியில் சவரத்துக்கு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகத்துக்குக் கொடுக்க வேண்டாம். பொருந்துகிறதே என்று வாடிக்கையாளரே வற்புறுத்தினாலும் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி நம் சேலத்தில் மட்டும் வரும். "நம்ம ஊர் இரும்பாலை எவர்சில்வர் இருக்கும்போது பிளேடு ஏன் வெளியிலிருந்து வரணும்?" என்பார்கள். கஞ்சமலை அடிவாரத்து ஆலையின் பெயரால் சேலம் ஸ்டெயின்லெஸ் என்றால் நாடெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் பாத்திரத்து எவர்சில்வர் வேறு, பிளேடு ஸ்டீல் வேறு. பாத்திரத்துக்கான உயர்ந்த வகையில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினப்படாது. பிளேடுக்குக் குரோமியம் 13 சதவீத அளவில் போதும். ஆனால் கரி 0.6, 0.7 சதவீதம் வேண்டும். 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் முனை நிற்கும். 1962 வாக்கில் இங்கிலாந்தில் வில்கின்சன் கம்பெனி ஸ்டெயின்லெஸ் பிளேடைப் பரவலாக விற்கத் தொடங்கியபோது, பழைய கார்பன் பிளேடு விற்றவர்கள் எல்லாம் ஆடிப்போனார்கள்.

நம் பகுதியில் ஒற்றை முனையாக அதிகம் செலவாவது சலூன் அரை பிளேடுதான். தொண்ணூறுகளில் நாமக்கல் லாரித் தொழிலில் எய்ட்ஸ் பயம் பரவியபோது, ஆளுக்கு ஒரு பிளேடு என்று கேட்டு உட்காரும் வழக்கம் வந்தது. அதுவரை சாணையில் தீட்டிய கத்தியை வைத்திருந்தவர்களும் பிடியும் பிளேடும் வாங்கினார்கள். ஒரு பிளேடை நீளவாக்கில் ஒடித்தால் இரண்டு ஆளுக்கு ஆயிற்று. காகித உறையோடு சேர்த்து வளைத்து ஒடித்தால் விரலும் தப்பும், முனையும் கெடாது. எய்ட்ஸ் மட்டுமல்ல, ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதனால் அந்தப் பழக்கம் இன்றும் சரியானதே.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட அனுபவம். தேவை கூடிய நேரத்தில் ஒரு வெளியூர் ஏஜெண்டு வந்தார். நன்றாக ஓடும் பிளேடின் பெயரைச் சொல்லி, வழக்கமான கொள்முதலைவிட நூற்றுக்கு இருபது குறைத்துத் தருவதாகவும், பில் பிறகு வரும் என்றும் சொன்னார். வாங்கினோம். ஆசைதான், வேறென்ன சொல்ல? பத்தாம் நாள் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு சலூன்காரர் நேரில் வந்து நின்றார். பந்தக்கால் நட்ட வீட்டு மாப்பிள்ளைக்குக் கழுத்தில் கீறல் விழுந்து, பேச்சு வாங்கி வந்திருந்தார். பிளேடைப் பிரித்துப் பார்த்தால், அச்செழுத்து மங்கல். உறைக் காகிதத்தில் மெழுகே இல்லை. முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே பொரி போலப் பல். விற்ற கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்தோம். அந்த மாதத்து லாபம் முழுதும் போயிற்று. ஏஜெண்டை அதன் பிறகு பார்க்கவில்லை. அந்தச் சலூன்காரர் மட்டும் இரண்டு வருடம் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

இப்போது சட்டமும் கடுமை. போலி வணிகச் சின்னம் உள்ள சரக்கை விற்றால் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கிருந்து வாங்கினோம் என்று காட்ட பில் இல்லையென்றால் நம் பேச்சு எடுபடாது. இறக்குமதி பிளேடானால் 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்.ஆர்.பி. எல்லாம் உறைமேல் இருக்க வேண்டும். துபாயிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

சரக்கை வைக்கும் இடமும் முக்கியம். மளிகைக் கடையில் உப்பு மூட்டைக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அருகே பிளேடு அட்டை தொங்குவதை அடிக்கடி பார்க்கிறோம். பிளீச்சிங் பவுடரிலிருந்து எழும் குளோரின் ஆவி ஸ்டெயின்லெஸையும் அரிக்கும். கல்லாவுக்குப் பின்னால், காய்ந்த இடத்தில் வையுங்கள். உறை பிரிக்காமல் ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. வாங்குபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம்: சவரம் முடிந்ததும் முனையைத் துணியால் துடைக்க வேண்டாம், பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி உதறினால் போதும். தீர்ந்த பிளேடை ஒரு பழைய டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குப்பை அள்ளும் துப்புரவுப் பணியாளர்களின் கையை நாம் நினைப்பதேயில்லை.

வாத்தியார் ரேசருக்குச் சென்னை பாரிமுனையில் எங்களுக்குப் பழக்கமான ஒருவர் மூலம் ஜெம் ஸ்டெயின்லெஸ் பிளேடு ஒரு பெட்டி, பில்லோடு, வரவழைத்தோம். ஒரு பிளேடின் விலை நம் இரட்டை முனை பிளேடைப் போலப் பல மடங்கு. நம் பகுதியில் மாதம் ஐந்து பேர்கூடக் கேட்கமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு கடையும் வாங்கி வைக்கத் தேவையில்லை. சேலத்தில் ஒரு கடையில் இருந்தால் போதும். தேவைப்படும் அன்பர்கள் ரேசரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினால், வாரச் சரக்கோடு சேர்த்து அனுப்பிவிடுகிறோம். வாத்தியார் வாரம் ஒரு பிளேடு மாற்றுகிறாராம். கல்லாப் பெட்டியிலிருந்த தந்தையாரின் ரேசரையும் எடுத்துத் துடைத்து அதில் ஒரு பிளேடைப் போட்டுப் பார்த்தோம். வில்லு இன்னும் தளரவில்லை.