வௌவாலின் கண்

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று நாம் சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால், பகலெல்லாம் ஆலமரத்தில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால், கண்ணையும் மோப்பத்தையும் நம்பியே இரவில் இரை தேடுகிறது.

அதன் விழித்திரையில் நிறைந்துள்ள கோலணுக்களில் ரொடாப்ஸின் என்னும் நிறப்பொருள் இருக்கிறது. இருளில் அவ்வணுக்கள் குளூட்டமேட் என்ற ரஸாயனத்தை ஓயாது சுரக்கின்றன. சிறிது ஒளி பட்டாலும் ரொடாப்ஸின் மாறுதலடைகிறது, சுரப்புக் குறைகிறது. அந்தக் குறைவே மூளைக்குச் செல்லும் செய்தியின் துவக்கம்!

நம் கண்ணிலும் நடப்பது இதுவே. ரொடாப்ஸின் உண்டாக 'ஏ' வைட்டமின் வேண்டும். அது குன்றிய குழந்தைக்கு மாலைக்கண் வருகிறது. வௌவாலைக் குருடென்று நகைப்பதற்கு முன், நம் குழந்தையின் இலையில் முருங்கைக்கீரை இருக்கிறதா என்று பார்ப்போமாக.