பெரிசா... புதுசா?

"இன்னாங்க... வீட்ல அறுபது பேனா இருக்கு. மளிகை லிஸ்ட் எழுத ஒண்ணாவது எழுதுதா?"

என் மனைவியின் கேள்வி இது. பேனா சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி! ஸ்டாம்ப் சேர்ப்பவரிடம் 'அதை ஒட்டி ஒரு கடுதாசி போடேன்' என்று யாரும் கேட்பதில்லை. பேனா அப்படியா? எழுதினால்தான் பேனா. இல்லையென்றால் பாக்கெட்டில் சொருகிய குச்சி!

ஆகவே பழசையும் புதுசையும் எழுத வைத்தே பார்த்துவிடுவோம். எங்கள் நெட்டுக்குப்பத்தைவிடக் கடுமையான பரீட்சை ஹால் கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர் முகத்துவாரம். கதவுத் தாழ்ப்பாளையே தின்று தீர்க்கிற உப்புக் காற்று. ஸ்டீல் கிளிப் போட்ட மலிவுப் பேனாக்கள் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துவிடும்.

முதலில் பெரிசு. 1941-ல் அமெரிக்காவில் கடைக்கு வந்த பார்க்கர் 51. நிப்பின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், மற்றதெல்லாம் முக்காடு! காற்று அதிகம் படாததால் மை சீக்கிரம் காயாது. நிப்பு 14 காரட் தங்கம். பந்தாவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மையில் இருக்கும் அமிலம் தங்கத்தை அரிக்காது. உப்புக் காற்றும் அதனிடம் தோற்றுப் போகும். காகிதத்தில் உரசும் முனையில் மட்டும் கடினமான வேறு உலோகத்தில் ஒரு பொட்டு. இதன் ஜாடையில் சீனாக்காரன் செய்த ஹீரோ பேனாவை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

2021-ல் பார்க்கர் அதே 51-ஐப் புதுசாக இறக்கியது. முகம் அப்படியே. ஆனால் இழுத்தால் வருகிற மூடி போய், திருகு மூடி வந்துவிட்டது. உடம்போடு இருந்த மைப் பை போய் கார்ட்ரிட்ஜ். விலை குறைந்த மாடலில் நிப்பு ஸ்டீல். 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடவேண்டாம். இன்றைய ஸ்டீல் நிப்பு பெட்டியைப் பிரித்த நிமிஷமே எழுதும். விரலில் மை ஒட்டாது. அவசரத்துக்குப் புதுசே கெட்டிக்காரன்!

அடுத்தது நம்ம ஊர்க் கறுப்புப் பேனா. உடம்பு எபோனைட். அதாவது ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் நேராக வயிற்றில் மை ஊற்ற வேண்டும். இரண்டு, மூன்று மில்லி பிடிக்கும். புதுப் பேனாக்களின் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் ஒரு மில்லிகூடப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் நாம் சொட்டு எண்ணி மை கடன் கொடுத்தது இந்தப் பேனாவிலிருந்துதான்.

இவருக்கு ஒரு வியாதி உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கினால் கக்குவார்! கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. வைத்தியம் சுலபம்: வயிற்றை நிரப்பியே வைத்திருங்கள். வெயிலில் வைக்காதீர்கள், கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும்.

சரி, ஜெயிப்பது யார்? நிப்பு கீறுகிற அன்றைக்குத்தான் அது தெரியும். பழைய பேனாவில் நிப்பையும் அடியில் இருக்கும் கட்டையையும் தனித்தனியாக உருவிக் கழுவலாம். எபோனைட் கட்டையை வெந்நீரில் காட்டி நிப்போடு ஒட்ட அழுத்திவிட்டால் மை மறுபடி ஒழுங்காக வரும். புதுசில் பலதும் 'யூனிட்டையே மாத்து' என்று சொல்லிவிடும்.

இதைச் செய்துகொடுக்க ஆள் வேண்டுமே? பாரிஸில் என்.எஸ்.சி. போஸ் ரோடு ஜெம் அண்ட் கோ 1920-களில் தொடங்கிய பேனாக் கடை. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டை லேத்தில் கையால் கடைகிறார்கள். கேட்டால் ஜெர்மன் நிப்பும் பொருத்தித் தருவார்கள். பெரிசும் புதுசும் ஒரே உடம்பில்! இந்தக் கைகளுக்கு வேலை கொடுக்காவிட்டால் அவை வேறு வேலை தேடிப் போய்விடும். அப்புறம் அறுபது தங்க நிப்பு இருந்தும் தீட்ட ஆளிருக்காது.

ஒரு நியாயம் சொல்லவேண்டும். எங்கள் கரையில் மீன் ஏலக் கணக்கு எழுதுவது பால்பாயின்ட்தான். ஈரக் கை பட்டால் பவுண்டன் பேனா மை கரைந்து கணக்கே கடலோடு போய்விடும். கார்பன் வைத்து அழுத்தி எழுதவும் இது ஆகாது.

என் தீர்ப்பு: தினமும் எழுத ஒரு புதுசு, பழுது பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள ஒரு கறுப்பு. பேரனுக்குப் பேனா பரிசு கொடுக்கப் போகிறீர்களா? கூடவே ஒரு புட்டி மையும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே பேனா ஷோகேஸில் செட்டிலாகிவிடும்!