ஸ்விட்ச் அணையும்போது எலெக்ட்ரான்கள் எங்கே போகின்றன?

இதயத் துடிப்பானாலும் ரேடார் எதிரொலியானாலும், எண்ணாக மாறுவதற்கு முன் அந்த மின்னழுத்தம் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் ஒரு சிறு கெபாசிட்டரும், அதன் வாசலில் ஓர் அனலாக் ஸ்விட்சும். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை கெபாசிட்டர் சமிக்ஞையைப் பின்தொடரும். ஆஃப் ஆனதும் அந்தக் கணத்தின் மதிப்பு அதில் தங்கிவிடும்.

தங்குவது அதே மதிப்பா என்பதுதான் கேள்வி. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், ஆஃப் ஆகும் நொடியில் முள்போல ஒரு கூர்முனை எழும். அது அடங்கிய பிறகும் மின்னழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது.

ஸ்விட்சாக வேலை செய்வது ஒரு மாஸ்ஃபெட். அது ஆனில் இருக்க, கேட்டுக்கு அடியில் எலெக்ட்ரான்கள் ஒரு வழித்தடமாகத் திரண்டிருக்க வேண்டும். நிலைப்படியில் ஆட்கள் நிற்கும்போது கதவைச் சாத்தினால் சிலர் உள்ளே வருவார்கள், சிலர் வெளியே போவார்கள். இந்த எலெக்ட்ரான்களும் அப்படித்தான் இருபுறமும் சிதறுகின்றன. ஒரு பங்கு கெபாசிட்டரில் விழுகிறது. போதாததற்குக் கேட்டில் பாயும் வேகமான துடிப்பும், அதன் விளிம்பிலுள்ள நுண்ணிய கெபாசிட்டன்ஸ் வழியே கசிகிறது.

10 பிகோ கூலும் விழுந்தால், அது ஏறத்தாழ 6.2 கோடி எலெக்ட்ரான்கள். 100 பிகோ ஃபாரட் கெபாசிட்டரில் அது 0.1 வோல்ட் பிழை. 5 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கும் 12 பிட் கருவியில் ஒரு படி 1.22 மில்லிவோல்ட்தான். எண்பது படிகளுக்கு மேல் தவறிவிட்டது!

கெபாசிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் பிழை பத்தில் ஒன்றாகும். நிரம்பும் நேரமோ பத்து மடங்காகும். 100 ஓம் ஸ்விட்சில், அரைப்படித் துல்லியத்துக்கு 90 நானோ நொடி போதும் என்றிருந்தது 900 ஆகிவிடும். ஸ்விட்சை அகலமாக்கினால் மின்தடை குறையும், ஆனால் அதே விகிதத்தில் எலெக்ட்ரான்கள் கூடும். ஆக, அகலத்தால் லாபமில்லை. வழித்தடத்தின் நீளத்தைக் குறைத்தால்தான் வேகமும் துல்லியமும் சேர்ந்து கிடைக்கும்.

அதனால் பொறியாளர்கள் எலெக்ட்ரான்களுக்குப் போக்கிடம் தேடினார்கள். பக்கத்திலேயே பாதி அகலத்தில் ஒரு போலி ஸ்விட்ச். அதன் இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். முதலாவது அணையும்போது இது ஆன் ஆகி, சிதறியவற்றை வாங்கிக்கொள்ளும். சிதறல் சரிபாதியாக இருந்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு துடிப்புகளும் சற்றே முன்பின்னாக வந்தாலும் முள் எட்டிப்பார்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. கெபாசிட்டரின் தரைப்பக்கத்திலும் ஒரு ஸ்விட்சை வைத்து, அதை ஒரு கணம் முன்னதாக அணைத்துவிடுவார்கள். அந்தத் தட்டுக்கு வெளியேறும் வழி இல்லாததால், அதிலிருக்கும் மின்னூட்டம் அப்படியே உறைந்துவிடும். பிறகு சமிக்ஞைப் பக்கத்து ஸ்விட்ச் எவ்வளவு சிதறினாலும், பிடித்துவைத்த மதிப்பை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை. தரைப்பக்க ஸ்விட்சும் சிதறத்தான் செய்கிறது. ஆனால் அது எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் அணைவதால், சமிக்ஞை எதுவானாலும் பிழையின் அளவு மாறாது. மாறாத பிழையை, இரட்டைச் சுற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தே நீக்கிவிடலாம்.