குனியும் தலை, குவியும் கை

கொடிமரத்தின் முன்னே வந்ததும் முதியோர் சிலர் ஒரு கணம் தயங்கி நிற்பதைக் கோயில்களில் காணலாம். பல்லாண்டுகளாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கியவருக்கு இன்று முழங்கால் மடங்குவதில்லை. அருகில் மற்றவர்கள் விழுந்து எழுகிறார்கள். ‘நம் வழிபாடு குறைப்பட்டுவிட்டதோ’ என்ற ஏக்கம் அவர் நெஞ்சை அரிக்கிறது.

அந்த ஏக்கம் தீர, வழிபாட்டில் உடலுக்கு உள்ள பங்கை அறிதல் வேண்டும்.

மனம் எண்ணுவதையே உடல் செய்கிறது என்பது பொதுவான கருத்து. உடல் செய்வதை மனம் பின்தொடர்வதும் உண்டு. உடலில் நிகழும் மாறுதல்களை உணர்வதே உணர்ச்சி என்று அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். 19 நாடுகளைச் சேர்ந்த 3,878 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், புன்னகைக்கும் முகத்தைப் பார்த்துத் தம் முகத்தையும் அவ்வாறே அமைத்துக்கொண்டவர்களுக்கு மகிழ்ச்சி சற்றே கூடியது. மாற்றம் சிறிதுதான், ஆயினும் முகம் முன்னே செல்ல, மனம் பின்னே வந்தது.

ஆலய வழிபாட்டில் இவ்வுண்மை நெடுங்காலமாகவே இடம்பெற்றுள்ளது. நிறைசூலி ஒருத்தி எண்ணெய்க்குடம் சுமந்து செல்வதுபோல் அடிமேல் அடி வைத்து வலம் வரவேண்டும் என்பர் பெரியோர். அவ்வாறு மெல்ல நடப்பவரின் மூச்சு சீராகிறது. மூச்சு சீரானால் நெஞ்சின் படபடப்புத் தணிகிறது. வீட்டிலிருந்து சுமந்து வந்த கவலையும் பிராகாரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் சற்று இளகிவிடுகிறது.

வணக்கத்திலும் படிநிலைகள் உண்டு. தலை, இரு கைகள், இரு செவிகள், முகவாய், இரு தோள்கள் ஆகிய எட்டும் நிலத்தில் பொருந்த ஆடவர் வணங்குவது அட்டாங்க நமஸ்காரம். தலை, இரு கைகள், இரு முழந்தாள்கள் பொருந்தப் பெண்டிர் வணங்குவது பஞ்சாங்க நமஸ்காரம். இரு கைகளையும் தலைமேல் குவித்து வணங்குவது திரியங்க நமஸ்காரம். தலையை மட்டும் தாழ்த்தி வணங்குவது ஏகாங்க நமஸ்காரம். இவை யாவும் சைவ மரபு ஏற்றுக்கொண்ட வணக்கங்களே.

இவை அனைத்திலும் தவறாமல் இடம்பெறும் உறுப்பு தலை ஒன்றே. ‘நான்’ என்று நிமிர்ந்து நிற்பதும் அதுவே. தாழ வேண்டியதும் அதுவே. தலை தாழும்போது பார்வை நிலத்தை நோக்குகிறது, பேச்சு அடங்குகிறது, உள்ளமும் உடன் பணிகிறது.

ஆகவே, முழங்கால் நோவுடையோர் தம்மை வருத்திக்கொண்டு கீழே விழுந்து வணங்க முற்பட வேண்டியதில்லை. தடுமாறி விழுந்து எலும்பு முறிந்தால் கோயிலுக்கு வருவதே நின்றுபோகும். நிற்க இயன்றவர் கைகளைத் தலைமேல் குவிக்கலாம். கைத்தடியை ஊன்றி நிற்பவர் தலையைத் தாழ்த்தலாம். படுக்கையில் இருப்பவரும் பூசை மணியோசை கேட்கும்போது கைகூப்பலாம்.

முழங்கால் மடங்காவிட்டால் என்ன? மனம் மடங்கினால் போதும். அதற்குத் தலை குனிந்து வழிகாட்டும்.