கடை லாச்சியில் சேர்ந்த சதங்கள் காத்த காணிகள்

வரி என்றாலே வியாபாரிகளின் முகம் சுருங்கிவிடும். வாடிக்கையாளரிடம் வரியைச் சேர்த்து வாங்குவதும், அதற்குக் கணக்கு வைப்பதும், குறித்த திகதியில் செலுத்துவதும் கடைக்காரரின் தலையில் விழும் வேலைகளாகும். அவ்வாறு செலுத்திய பணம் என்ன ஆனது என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் தமது லாச்சியில் சேர்ந்த வரி எங்கே போனது என்பதைக் கடை வாசலில் நின்றபடியே காட்டக்கூடிய வியாபாரிகளும் இருக்கின்றார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரிலிருந்து ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள போல்டர் நகர வியாபாரிகளே அவர்கள். ஊரைச் சுற்றியுள்ள மலைச்சாரல்களிலும் புல்வெளிகளிலும் விவசாயக் காணிகளிலும் பெரும்பகுதி, அவர்கள் சதம் சதமாகச் சேர்த்துக் கொடுத்த விற்பனை வரியினால் வாங்கப்பட்டதாகும்.

காணி விலை ஏறிய கதை

1950 ஆம் ஆண்டில் போல்டரின் சனத்தொகை சுமார் 20,000. 1952 இல் டென்வருடன் இணைக்கும் அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. தொடர்ந்து மத்திய அரசின் ஆய்வு நிறுவனமும், 1965 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தன. 1970 ஆகும்போது சனத்தொகை 66,000 ஐத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளில் மூன்று மடங்கு!

இத்தகைய வளர்ச்சி ஏற்படும் ஊரில் காணி விலை என்னவாகும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலும் மேய்ச்சல் நிலமும் வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. மலைச்சரிவுகளிலும் வீடுகள் ஏறத் தொடங்கின.

முதலில் ஊர் மக்கள் செலவில்லாத ஒரு வழியைத் தேடினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் முன்னின்று நடத்திய முயற்சியின் பயனாக, 1959 இல் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,750 அடிக்கு மேலுள்ள இடங்களுக்கு நகர சபை குடிநீர் வழங்குவதில்லை என்பது அதன் முடிவு. ‘நீலக்கோடு’ என்று அதற்குப் பெயர். தண்ணீர் கிடைக்காத இடத்தில் வீடு கட்டி விற்க எவரும் முன்வருவது குறைந்தது.

எனினும் இந்தக் கோடு மலைக்கு மட்டுமே பயன்பட்டது. கீழே சமவெளியிலிருந்த விவசாயக் காணிகளுக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. விவசாயியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவருடைய ஓய்வூதியமும் பிள்ளைகளின் சொத்தும் அந்தக் காணிதான். நல்ல விலை வரும்போது, ஊரின் அழகுக்காக விற்காமலிரு என்று அவரிடம் கூறுவது எப்படி?

வாங்குவது என்ற முடிவு

அந்தக் கேள்விக்கு போல்டர் மக்கள் கண்ட விடை நேரடியானது. வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும். 1962 இல், மலையடிவாரத்தில் ஹோட்டல் கட்டத் திட்டமிடப்பட்டிருந்த ‘என்சாண்டட் மெசா’ என்ற மேட்டு நிலத்தை, வாக்காளர்களின் சம்மதத்துடன் நகர சபை பிணைமுறி விற்று வாங்கியது. ஆனால் ஒவ்வொரு காணிக்கும் ஒரு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. அதற்குள் காணி கைமாறிவிடும். நிரந்தரமான ஒரு நிதி தேவைப்பட்டது.

1967 நவம்பரில் மக்கள் முன் ஒரு யோசனை வைக்கப்பட்டது. நூறு டொலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு டொலர் மேலதிக விற்பனை வரி. அதில் 60 சதம் வீதிகளுக்கு, 40 சதம் காணி வாங்குவதற்கு. பெரும்பான்மையினர் ஆம் என்று வாக்களித்தனர். திறந்த வெளிகளைப் பாதுகாப்பதற்கெனத் தானே வாக்களித்துத் தன்மீது வரி விதித்துக்கொண்ட முதலாவது அமெரிக்க நகரமாக போல்டர் கருதப்படுவது குறிப்பிடத்தக்கது.

1971 இல் மற்றுமொரு மாற்றம் செய்யப்பட்டது. வரவிருக்கும் வரிப் பணத்தை ஈடாகக் காட்டி, ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு இன்றியே பிணைமுறி வெளியிட நகர சபைக்கு அதிகாரம் கிடைத்தது. இதன் வியாபாரத் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். வரி மெதுவாகச் சேரும், காணி விலையோ வேகமாக ஏறும். ஆகவே இன்றைய விலைக்குக் காணியை வாங்கிவிட்டு, கடனை நாளைய வருமானத்தில் அடைப்பதே இலாபமாகும்.

மூன்று வகைக் கொள்வனவு

சில காணிகளை நகர சபை உறுதியுடன் முழுமையாக வாங்கியது. வேறு சில காணிகளில் கட்டிடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கியது. அவ்வாறு விற்றவர் காணியைத் தானே வைத்திருக்கலாம், பயிரிடலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வீட்டுத் திட்டம் போட முடியாது. பின்னர் அதனை வாங்குபவரையும் அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும். முழு விலையை விடக் குறைவான பணத்தில் ஊரின் நோக்கமும் நிறைவேறும்.

மூன்றாவது, தண்ணீர். கொலராடோவில் நீர் உரிமையைக் காணியிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியும். நீரில்லாத வயலைப் பாதுகாத்து என்ன பயன்? எனவே காணியோடு வாய்க்கால் நீர்ப் பங்குகளையும் நகர சபை சேர்த்து வாங்கியது.

இன்று 45,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் நகர சபையின் பாதுகாப்பில் உள்ளது. இது நகரத்தின் பரப்பளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகும். அதில் ஏறத்தாழ 15,000 ஏக்கர் விவசாயிகளுக்கும் பண்ணையாளர்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டுள்ளது.

வாங்கியதைப் பின்னர் வருபவர்கள் விற்றுத் தின்றுவிடாமலும் வழி செய்யப்பட்டுள்ளது. 1986 இல் நகரின் சாசனத்தில் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, இக்காணியை விற்பதற்கு ஐவர் கொண்ட பொறுப்பாளர் சபையில் குறைந்தது மூவரின் சம்மதமும், நகர சபையின் சம்மதமும் தேவை. அதன் பின்னரும் பொதுமக்கள் கையெழுத்துச் சேகரித்து வாக்கெடுப்புக் கோருவதற்கு அவகாசம் உண்டு.

செலவு யார் தலையில்?

இவ்வளவும் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தையும் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

முதலாவது, விற்பனை வரி ஏழை பணக்காரர் என்று பார்ப்பதில்லை. மலைச்சாரலைப் பார்த்தபடி பெரிய வீட்டில் வாழ்பவரும், அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பவரும் ஒரே விகிதத்தில்தான் செலுத்துகின்றனர். போல்டரில் உணவுப் பொருட்களுக்கும் விற்பனை வரி உண்டு. அதனால் வருமானம் குறைந்த முதியோர், அங்கவீனர், குடும்பங்கள் ஆகியோருக்கு அந்த வரியின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது.

இரண்டாவது, இந்த நிதி கடை வியாபாரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 2000 ஆம் ஆண்டு அயலிலுள்ள புரூம்ஃபீல்டில் ‘ஃபிளாட்அயர்ன் குரொசிங்’ என்ற பாரிய வர்த்தகத் தொகுதி திறக்கப்பட்டது. போல்டரின் பழைய ‘குரொஸ்ரோட்ஸ்’ வர்த்தகத் தொகுதி ஏற்கனவே நலிவடைந்திருந்தது. பின்னர் அது மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் அடுத்த ஊருக்குப் போனபோது வரியும் கூடவே போனது. அதே இடத்தில் 2006 இல் புதிய வர்த்தகத் தொகுதி திறக்கப்பட்ட பின்னரே நிலைமை ஓரளவு சீரடைந்தது. கடைத்தெரு வாடினால் வயலும் வாடும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

மூன்றாவதே மிகப் பெரியது. ஊரைச் சுற்றிக் காணி பூட்டப்பட்டுவிட்டது. 1976 முதல் புதிய வீடுகளின் எண்ணிக்கையையும் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத வளர்ச்சிக்குள் அடக்கும் விதி வந்தது. தொழில்களோ பெருகின. விளைவு என்ன? தனி வீடொன்றின் சராசரி விலை பத்து இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது. ஆசிரியர், தாதி, கடைச் சிப்பந்தி என்று பல்லாயிரக்கணக்கானோர் தினமும் வெளியூர்களிலிருந்து வந்து போகின்றனர். புதிய குடியிருப்புகளில் ஒரு பங்கைக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் 2000 இல் கொண்டுவரப்பட்டது. காணி வாங்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு!

பராமரிப்புச் செலவும் சிறியதல்ல. வேலி, வாய்க்கால், களை, காட்டுத் தீ என்று அது நீள்கின்றது. நீர் பாயும் வயல்களில் வளை தோண்டும் ‘பிரெய்ரி டோக்’ என்ற அணில் இனப் பிராணியைப் பாதுகாப்பதா, குத்தகை விவசாயியின் பயிரைப் பாதுகாப்பதா என்ற தகராறு பல ஆண்டுகள் நீடித்தது.

வியாபாரிக்கு உள்ள பாடம்

இத்தனை குறைகள் இருந்தும், அந்த வரியை நீடிக்குமாறு கேட்கப்பட்டபோதெல்லாம் போல்டர் மக்கள் தொடர்ந்து ஆதரவளித்தே வந்துள்ளனர். 1989 இல் அதனைக் கூட்டியும் கொடுத்தார்கள். காரணம் எளிதானது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்டார்கள், அதற்கே செலவிட்டார்கள், வாங்கிய பொருள் எல்லோர் கண்ணிலும் படுகின்றது. கடன் வாங்கும் வியாபாரிக்கும் இதே விதிதான் நம்பிக்கையைத் தேடித் தருகின்றது.

காணிக்காரரின் வயிற்றில் அடிக்காமல் பெறுமதியைக் கொடுத்து வாங்கியது அந்த ஊரின் நேர்மை. பச்சைக் காணியை வாங்கத் தொடங்கிய காலத்திலேயே உழைப்பாளிக்கு ஒரு கூரையையும் அதே கணக்கில் எழுதாமல் விட்டது அந்த ஊரின் தவறு. காணியை அன்றைய விலைக்கு வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு மட்டும் இன்றைய விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.