மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவே

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. அப்பாவின் போனில் டைரி செயலி போட்டாயிற்று, அதில் எதை எழுதுவது என்றுதானே கேட்கிறீர்கள்? எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்தால் அது தானே விளங்கிவிடும்.

அப்பாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் குறைகிறது. அதை ஈடுகட்டத் தரும் லெவோடோப்பா, ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். நோய் வந்த புதிதில் இது தெரியாது. மூளை கொஞ்சம் சேர்த்து வைத்துச் சமாளிக்கும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சேமிப்பு கரைந்துவிடுவதால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே உடம்பு இறுகும், நடை தளரும். சிலருக்குக் காரணமில்லாத படபடப்பும் வரும். இந்த நேரத்தை டாக்டர்கள் ‘ஆஃப்’ என்பார்கள். மருந்து பிடித்திருக்கும் நேரம் ‘ஆன்’.

டாக்டர் அப்பாவைப் பார்ப்பதோ பத்து நிமிடம். காலை மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமாக இருந்தால், அவர் தானே நடந்து உள்ளே போய், “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். மதியம் 3 மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் தவித்ததை யார் சொல்வது? அதற்குத்தான் டைரி.

அதனால் நேரத்தைக் குறியுங்கள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது பிடித்தது, எப்போது விட்டது. சாப்பாட்டு நேரமும் வேண்டும். முட்டை, பருப்பு, பால் இவற்றின் புரதம் குடலில் லெவோடோப்பாவோடு போட்டி போடும், சிலருக்கு மருந்து பிடிக்கவே தாமதமாகும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் எழுதுங்கள். யாராவது சொல்லிப் பூனைக்காலி விதைப்பொடி சாப்பிடுகிறாரா? அதிலும் லெவோடோப்பா உண்டு. அவசியம் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அப்பாவுக்கு வருவது எல்லாமே ‘ஆட்டம்’ என்று எழுதிவிடாதீர்கள். கை சும்மா இருக்கும்போது ஒரே தாளத்தில் நடுங்கினால் அது நடுக்கம். பெரும்பாலும் மருந்து போதாத நேரத்தில் வரும். உடம்பு தன்னால் நெளிவதும், தோளும் கழுத்தும் அலைவதும் வேறு. அது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. முன்னதற்கு மருந்தைக் கூட்டும் டாக்டர், பின்னதற்குக் குறைக்க நினைப்பார். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் சிகிச்சையே திசை மாறிப்போகும். 2000இல் வெளிவந்து இன்றும் ஆராய்ச்சிகளில் புழங்கும் ஹவுசர் டைரி இதனால்தான் தூக்கம், ஆஃப், ஆன் என்பதோடு நிற்காமல், ஆன் நேரத்தில் நெளிவு உண்டா, அது தொந்தரவு தருகிறதா என்றும் அரை மணிக்கு ஒருமுறை கேட்கிறது. சந்தேகமாக இருந்தால் அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள்.

வருஷம் முழுக்க எழுத வேண்டியதில்லை. அப்படி எழுதினால் நோயைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய்விடும். டாக்டரிடம் போவதற்கு முந்தைய மூன்று நாள் ஒழுங்காக எழுதினால் போதும். எழுத்து பெரிதாக, பொத்தான் பெரிதாக இருக்கட்டும். விரல் ஒத்துழைக்காதபோது நீங்கள் அழுத்துங்கள்; ஆனால் அவரைக் கேட்டுவிட்டு அழுத்துங்கள். உள்ளுக்குள் இறுகுவது வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது.

போனை இப்படிக் கொடுங்கள், மாத்திரை நேரங்களுக்கு அலாரம் வைத்துத் தருகிறேன்.